விளிம்பில் எழுத்தில்லை

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கையில் முறுக்கோ மிக்சரோ இருந்தால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது கொறித்துக்கொண்டே கேட்கிற கதை அல்ல. நடுவில் ஓர் இடத்தில் உங்களுக்கே குமட்டும். ஆனாலும் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு நல்ல பெண்ணின் பேர் சேற்றிலிருந்து எப்படி மீண்டது என்று தெரிந்துகொண்டுதான் போவீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

சங்கமித்ராவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆஸ்டின் டவுனில் ஒரு தையற்கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலைதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் கைநிறையச் சம்பளம் என்று சொன்ன பையன் நிஜமாகவே அங்கே வேலை பார்க்கிறானா, இல்லை கேட்டுக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்தவனா என்று பார்த்துச் சொல்வாள். நாற்பதைத் தாண்டியவள். எதையும் தாங்குவாள், முகத்தில் மறைக்க மட்டும் தெரியாது. அருவருப்பான எதையாவது பார்த்துவிட்டால் மூக்கு நுனி சுருங்கிவிடும். அவளுடைய உதவியாளர் கிளிஃபர்ட் அவளைவிட மூத்தவர். ஒரு பழைய ஸ்கூட்டரும் ஓயாத வாயும் அவருடைய சொத்து.

அன்று காலை இருவரும் போனது முனியப்பன் வீட்டுக்கு. அதே ஆஸ்டின் டவுன்தான், நடக்கிற தூரம், ஆனாலும் ஸ்கூட்டரில். முனியப்பன் போன வாரம் காலமாகிவிட்டார். இவர்களைக் கூப்பிட்டிருந்தவன் அவருடைய மகன் தருண், ஐ.டி. கம்பெனி ஒன்றில் மேனேஜர்.

உள்ளே நுழைந்ததுமே சங்கமித்ராவின் மூக்கு சுருங்கியது. சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெண்ணின் கைப்பை கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தது. சீப்பு, மாற்றுப் புடவை, மாத்திரைப் பட்டை, மடித்து வைத்த உள்ளாடைகூட எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. மேசைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றவள் காந்தா. முனியப்பன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரைத் துடைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டவள். வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிற ஏஜென்சி ஒன்றின் மூலம் வந்தவள்.

சங்கமித்ரா முதலில் அந்தப் புடவையை எடுத்து உள்ளாடைமேல் போட்டு மூடினாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

“இவதான் மேடம்,” என்றான் தருண். “அப்பாவோட காச அடிச்சிட்டா. எங்க வெச்சிருக்கான்னு மட்டும் கேட்டு வாங்கிக் குடுத்துடுங்க.”

“போலீசுக்குப் போகலையா?”

“போனேன். ‘ஒந்து டாலர்கே கம்ப்ளேன்டா ஸ்வாமி’ன்னு கன்னடத்துல கேட்டுச் சிரிக்கிறாங்க.”

“நெஜமாவே எத்தன டாலரு சார் காணோம்?” என்றார் கிளிஃபர்ட்.

“ஒண்ணு.”

“ஒண்ணா? சார், நாங்க ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணதுக்கே அதுக்கு மேல ஆயிடுச்சே!”

“அது சாதாரண டாலர் இல்ல சார். யூடியூப்ல பாத்தேன். பத்து லட்சம் போகுமாம்.”

விஷயம் இதுதான், கண்ணுகளா. காசு என்றால் நாம் தலை பார்ப்போம், பூ பார்ப்போம். முனியப்பன் இரண்டையும் பார்க்க மாட்டார். வாழ்நாளெல்லாம் லேத் மெஷினில் நின்றவர். அவருக்கு விளிம்புதான் கண்ணில் படும். அமெரிக்காவில் ஒரு டாலர் காசு உண்டு, பொன்னிறமாக இருக்கும். வருஷமும் வாசகமும் அதன் விளிம்பைச் சுற்றித்தான். தலையும் பூவும் அடித்த பிறகு, விளிம்பில் எழுத்து பதிக்க அதைத் தனி மெஷினுக்குள் விடுவார்கள். எப்போதாவது சில காசுகள் அந்த மெஷினுக்குள் போகாமலே தப்பி வெளியே வந்துவிடும். விளிம்பு மொழுமொழுவென்று இருக்கும். ஆரம்ப வருஷங்களில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகமும் அந்த விளிம்பில்தான் இருந்தது என்பதால், சாமி பேர் விட்டுப்போன காசு என்று சேகரிக்கிறவர்களுக்கு அதன்மேல் தனி மோகம். அமெரிக்காவிலிருக்கும் மகள், தருணின் அக்கா, ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் டாலர் காசுகளை அடுக்கிக் காகிதத்தில் சுற்றிய உருளை கொடுத்தனுப்புவாள். முனியப்பன் ஒவ்வொரு காசாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படி ஒன்று கிடைத்தும்விட்டது. அதைத்தான் இப்போது காணோம்.

“ப்ரூஃப் இருக்கு மேடம்.” தருண் ஒரு சின்ன அட்டையை நீட்டினான். நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டை. காசை உள்ளே வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவார்கள். அது கிழிந்திருந்தது. “இவ பையிலதான் கெடந்துச்சு. நாளைக்கு கோரமங்களால வேற ஒரு பேஷன்ட் வீட்டுக்குப் போறாளாம். சாயங்காலத்துக்குள்ள காசு வரலன்னா, ஏஜென்சிக்கு ஃபோன் போட்டு திருடின்னு சொல்லிடுவேன். அப்புறம் இந்த ஊர்ல எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது இவளால.”

படுத்துக் கிடக்கிறவர்களின் வீட்டில் பீரோ திறந்து கிடக்கும், நகை கழற்றி வைத்திருக்கும். அங்கே போகிறவளுக்குப் பேர்தான் சோறு. அது போனால் எல்லாம் போச்சு.

“தருண், தண்ணி கொண்டாங்க,” என்று அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, சங்கமித்ரா காந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். “காந்தா, அட்டையக் கிழிச்சது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

கிளிஃபர்டின் புருவம் ஏறியது. “அய்யோ, கேஸ் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சா ஒரு டாலருக்குக் கூட பில் போட முடியாதே.”

“சும்மா இருங்க கிளிஃபர்ட். எதுக்குக் கிழிச்சீங்க?”

காந்தா மெதுவாகச் சொன்னாள். “ஐயாவுக்குக் கடைசில கண்ணு தெரியலம்மா. நான்தான் ஒவ்வொரு காசா நகத்தால சுத்திப் பாத்துச் சொல்லுவேன். எழுத்து இருக்குய்யா, இருக்குய்யா, இருக்குய்யான்னு. ஒருநாள் ‘இல்லய்யா’ன்னேன். சின்னப் புள்ள மாதிரி கையத் தட்டுனாரு. அப்பவே சொன்னாரு, ‘காந்தா, நான் போறப்ப இது என்கூடதான் வரணும். தருண்கிட்ட சொல்லாத, புடுங்கிடுவான்’னு. ஐயா போன அன்னிக்கு பக்கத்து வீட்டம்மா நெத்திக்கு ஒரு காசு குடுங்கன்னு கேட்டாங்க. நான் இத எடுத்து, சந்தனம் தொட்டு வெச்சேன். எல்லாரும் அஞ்சு ரூவான்னு நெனச்சாங்க. அட்டையக் கீழ போட மனசு வரல, பையில வெச்சிட்டேன்.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“சொன்னா தருண் சார் என்ன செய்வாருன்னு தெரியும்மா.”

தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நின்றிருந்த தருண் அதைக் கேட்டுவிட்டான். செம்பு அங்கேயே உட்கார்ந்தது. அவன் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்.

“அப்போ சாம்பல்ல இருக்கும்!”

ஸ்ரீரங்கப்பட்டணம் போய்க் காவேரியில் கரைக்க அவனுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லையாம். அப்பாவின் அஸ்திக் கலயம் பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே இருந்தது. அதைத் தூக்கி வந்தான். மேசைமேல் பேப்பரை விரித்தான். சமையலறைக்குப் போய் மைதா சலிக்கிற சல்லடையை எடுத்து வந்தான்.

“சார், வேணாம் சார்! உங்களப் பெத்தவரு சார்!” காந்தா அலறினாள்.

“நீ வாய மூடு.”

சலித்தான். பெற்ற தகப்பனை, தோசை சாப்பிடுகிற மேசைமேல், மாவு சலிக்கிற மாதிரி தட்டித் தட்டிச் சலித்தான். வெள்ளைத் துண்டுகள் சல்லடையில் உருளுகிற சத்தம் கேட்டது. மின்விசிறிக் காற்றில் மெல்லிய சாம்பல் எழும்பி அவன் சட்டையில், மேசைமேல் இருந்த ஊறுகாய் பாட்டிலில் எல்லாம் படிந்தது. சங்கமித்ரா எழுந்து போய் மின்விசிறியை அணைத்தாள். வாயில் ஊறிய கசப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஓயாத வாய்க்காரர் கிளிஃபர்ட்கூட நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

‘டிங்’ என்று ஒரு சத்தம்.

“கெடச்சிடுச்சு!” தருண் கறுத்த வட்டம் ஒன்றை எடுத்துச் சட்டையில் தேய்த்தான். தேய்த்தான். முகம் தொங்கிப்போனது.

ஒரு ரூபாய். நம்ம ஊர் ஒரு ரூபாய்.

“பாத்தீங்களா மேடம்! டாலர வெச்சேன்னு என்னமா கத சொன்னா! நெத்தியில இருந்தது ஒரு ரூவா. திருட்டுக்கு மேல பொய் வேற!”

காந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சத்தியமாம்மா, நான் டாலரத்தான் வெச்சேன். என் கையால வெச்சேன்.”

அவளைக் காப்பாற்றுகிற ஒரே வார்த்தை, அவளையே கவிழ்த்துவிட்டது. தருண் ஃபோனைக் கையில் எடுத்தான், ஏஜென்சிக்குப் பேச.

“ஒரு நிமிஷம் தருண்,” என்றாள் சங்கமித்ரா. “அந்த ஃபோன்லதானே உங்க அக்காவுக்கு அன்னிக்கு எல்லாத்தையும் காட்டியிருப்பீங்க?”

“ஆமா, ஸ்டாண்ட் வெச்சு ஃபுல்லா ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். அதுக்கென்ன?”

“போடுங்க.”

போட்டான். முனியப்பன் மாலையும் கழுத்துமாகப் படுத்திருக்கிறார். நெற்றியில் சந்தனப் பொட்டின்மேல் ஒரு காசு. சங்கமித்ரா படத்தை விரித்துப் பெரிதாக்கினாள். பொன்னிறம்.

“அஞ்சு ரூவாகூட மஞ்சளாதான் இருக்கும்,” என்றான் தருண்.

“இருக்கும். ஆனா உங்க சல்லடையில வந்தது வெள்ளைக் காசு. அப்போ நடுவுல மாறியிருக்கு. ஓட்டுங்க.”

சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் நெற்றியில் மஞ்சள் மின்னியது. பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்தார். அரிசியைப் போட்டார். குனிந்தார். முனியப்பனின் நெற்றியில் நீளமாக ஒரு முத்தம் கொடுத்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க விலகினார். அப்புறம் ஒரு பெண் குரல்: “அய்ய, காசு விழுந்துடுச்சு போலருக்கே, இன்னொண்ணு வைங்க.” வளையல் போட்ட கை ஒன்று வெள்ளைக் காசை வைத்தது.

“இவர் யாரு?”

“கோவிந்தராஜன் அங்கிள். விவேக் நகர். அப்பாவோட காசு ஃப்ரெண்ட். அப்பாவுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவர்தான். பாவம் மேடம், அவ்ளோ ஃபீல் பண்ணாரு. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, அன்னிக்கு ஒரு வார்த்த வரல. பக்கத்து வீட்டுல டீ குடுத்தாங்க, அதக்கூட கையாலயே வேணாம்னுட்டுப் போயிட்டாரு.”

கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினார். வாய் திரும்பி வந்துவிட்டது. “மேடம், ஒரு டவுட்டு. எங்க ஆளுங்க பொட்டி மூடுறதுக்கு முன்னாடி கடைசி முத்தம் குடுப்போம். ஆனா நெத்தியில காசு வைக்க மாட்டோம். இவங்க காசு வைப்பாங்க, முத்தம் குடுக்க மாட்டாங்க. ரெண்டையும் சேத்து செஞ்ச ஒரே ஆளு இவருதான். சர்வ மத ஒற்றுமைக்கு அவார்டு குடுக்கலாம்.”

சங்கமித்ராவின் மூக்கு நுனி மட்டுமல்ல, முகமே சுருங்கியது. “வாய்க்கரிசி போட வந்த மனுஷன்…”

“தன் வாய்க்குக் காசு போட்டுக்கிட்டான்,” என்று முடித்தார் கிளிஃபர்ட். “அதான் டீ குடிக்கல. குடிச்சிருந்தா பத்து லட்சம் வயித்துக்குள்ள போயிருக்கும்.”

“சும்மா சும்னே ஏதாவது சொல்லாதீங்க,” என்றான் தருண். ஆனால் அவன் கையும் தானாகத் தன் வாயைத் துடைத்துக்கொண்டது.

“சாயங்காலம் வரைக்கும் ஏஜென்சிக்குப் பேசாதீங்க,” என்றாள் சங்கமித்ரா. “பேசினா, இந்தச் சல்லடைய நான் உங்க அக்காவுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன்.”

விவேக் நகரில் கோவிந்தராஜன் வீட்டு மாடிக்கு அவர்கள் ஏறியபோது கிளிஃபர்டின் சட்டைப் பையில் ஒரு சாதாரண டாலர் காசு இருந்தது. முனியப்பனின் மிச்ச உருளையிலிருந்து எடுத்து வந்தது. “என்ன சொல்லணும் மேடம்?” என்று கேட்டார். “பேராசக்காரன் மாதிரி பேசுங்க,” என்றாள். “அதுக்கு நடிக்கவே வேணாமே,” என்றார் அவர்.

கோவிந்தராஜன் எழுபதை நெருங்கியவர். சலவைச் சட்டை, பவுடர் வாசனை. கதவைத் திறந்ததிலிருந்து பேச்சுதான். விளிம்பில் எழுத்து தலைகீழாக இருக்கிற காசு ஒன்றை விற்க வந்திருப்பதாகக் கிளிஃபர்ட் சொன்னார்.

“தலகீழ் எழுத்தா? எங்க, காட்டுங்க. ஹூம். இது அச்சடிக்கிறப்ப வந்த எரரே இல்ல சார். எழுத்து மெஷினுக்குள்ள காசு எப்படி வேணா போய் விழும். பாதி காசுல எழுத்து நேரா இருக்கும், பாதியில தலகீழா இருக்கும்.”

“யூடியூப்ல பத்து லட்சம்னானே சார்!”

“அவன் வாயில மண்ணப் போட. ஒரு டாலருக்கு ஒரு டாலர்தான் கெடைக்கும். எழுத்து ரெண்டு தடவ பதிஞ்சிருந்தா எரரு. எழுத்தே இல்லாம இருந்தா எரரு. அதுக்குக்கூட லட்சமெல்லாம் கெடையாது. ஆசைக்குத்தான் வெல.”

“எழுத்தே இல்லாததுன்னு ஒண்ணு இருக்கா?” என்றாள் சங்கமித்ரா. “நாங்க எங்க பாக்கப்போறோம்!”

ஒரு சேகரிப்பாளனிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள், கண்ணுகளா. வேறொன்றும் செய்ய வேண்டாம். கோவிந்தராஜன் கொஞ்சம் தயங்கினார். கதவைப் பார்த்தார். பிறகு பெருமை ஜெயித்துவிட்டது. பீரோவைத் திறந்தார். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு காசை வெல்வெட்டு மேல் வைத்துக் கொண்டுவந்தார்.

கிளிஃபர்ட் குனிந்து, “அட, சக்கத்தா, ஜோரா இருக்கே…” என்று ஆரம்பித்தார்.

“காசு மேல பேசாதீங்க!” கோவிந்தராஜன் துள்ளி விலகினார். “எச்சி தெறிக்கும். ஒரு துளி எச்சி பட்டாப் போதும், காசு போச்சு.”

கிளிஃபர்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

சங்கமித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விளிம்பு வழவழவென்று, எழுத்தே இல்லாமல் சுற்றி வந்தது. ஆனால் அவள் பார்த்தது விளிம்பை அல்ல. காசில் இருந்த தலையின் முடிச் சுருளுக்குள், காதோரப் பள்ளத்தில், மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

“அழுக்கா இருக்கே சார். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாதா?”

“கழுவறதா?” அவர் காசை மார்போடு அணைத்துக்கொண்டார். “காசக் கழுவறவன் கலெக்டரே இல்லம்மா. எத்தன வருஷ அழுக்கானாலும் அப்படியே விடணும். கழுவினா காசு செத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

“தெரியும் சார். அதான் நீங்க கழுவலை.” சங்கமித்ரா எழுந்து நின்றாள். “அது வருஷ அழுக்கு இல்ல, போன வாரத்துச் சந்தனம். முனியப்பன் நெத்தியில காந்தா வெச்சது. உங்க வாயில கொஞ்சம் கரைஞ்சது போக மிச்சம்.”

கோவிந்தராஜன் உதட்டை நாக்கால் தடவினார். அந்த ஒரு செய்கையைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“என்ன பேச்சு இது…”

“வீடியோ இருக்கு. அழகா முத்தம் குடுத்தீங்க,” என்றார் கிளிஃபர்ட். “என் பொண்டாட்டிக்குக்கூட நான் அவ்ளோ நேரம் குடுத்ததில்ல.”

கோவிந்தராஜன் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் அழுகை மாதிரி ஒன்று வந்தது. “நெருப்புல போக இருந்த காசும்மா அது! எரிஞ்சா யாருக்கு லாபம்? நான் திருடல, காப்பாத்தினேன். என்கிட்ட எல்லாம் இருக்கு, அது ஒண்ணுதான் இல்ல. முனியப்பனுக்கு அது குருட்டாம்போக்குல கெடச்சுது, நான் தேடித் தேடி அலைஞ்சேன்.”

“சரி, காப்பாத்தினீங்க. காந்தா திருடிட்டாள்னு தருண் உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருப்பானே. அப்ப என்ன சொன்னீங்க?”

அவர் காசை வெல்வெட்டில் சுற்ற ஆரம்பித்தார்.

“கேக்கறேன்ல? என்ன சொன்னீங்க?”

“…இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியலப்பான்னேன்.”

செத்தவர் நெற்றியிலிருந்து வாயால் கவ்விய அருவருப்பைக்கூட ஒரு பைத்தியம் என்று தள்ளிவிடலாம். இதை எங்கே தள்ளுவது? சங்கமித்ரா கைக்குட்டையை விரித்து நீட்டினாள். “இதுல போடுங்க. அப்புறம் எங்ககூட வாங்க. அந்தப் பொண்ணு முன்னாடி நீங்களே சொல்லணும்.”

மறுபடியும் முனியப்பன் வீடு. சாம்பல் மேசைமேல் அப்படியே கிடந்தது. சல்லடையும் அதன்மேல் அப்படியே. காந்தா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தராஜன் சொல்லி முடிக்கிறவரை அவர் கண்கள் காந்தாவின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை; சங்கமித்ராவின் கையிலிருந்த கைக்குட்டையையே சுற்றின.

“சீ! வாயாலயா?” தருண் முகத்தைச் சுளித்தான். உடனே கையை நீட்டினான். “சரி மேடம், குடுங்க.”

“மொதல்ல ஏஜென்சி.”

“அதான் நான் ஃபோனே பண்ணலையே!”

“அவங்ககிட்ட நீங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னாத்தான் கோரமங்களால நல்லபடியா ஏத்துப்பாங்க. வாய்ஸ் மெசேஜ் போடுங்க. எங்க முன்னாடி.”

தருண் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். காந்தா எங்கப்பாவ நல்லாப் பாத்துக்கிட்டாங்க, நேர்மையானவங்க, எங்க வீட்டுல ஒரு பொருள் காணாமப் போனதுக்கு அவங்க காரணம் இல்ல, நான்தான் தப்பா நெனச்சேன். ‘நான்தான்’ என்ற இடத்தில் நிறுத்தினான். கிளிஃபர்ட், “பேட்டரி இருக்கு சார், முடிங்க,” என்றார். முடித்தான். அனுப்பினான். சங்கமித்ரா நீலக் குறி விழுகிறவரை காத்திருந்தாள். பிறகு கைக்குட்டையை மேசைமேல் வைத்தாள்.

தருண் காசை இரண்டு விரலால் தூக்கினான். சந்தனத்தைப் பார்த்தான், கோவிந்தராஜனின் வாயைப் பார்த்தான். “உவ்வே. இத அப்படியே எப்படி வாங்குவான் எவனும்?” என்று நேரே சமையலறைக்கு நடந்தான்.

குழாய் திறக்கிற சத்தம். டப்பா திறக்கிற சத்தம்.

கிளிஃபர்ட் வாயைத் திறந்தார். சங்கமித்ரா அவர் முழங்கையை அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது.

கோவிந்தராஜனுக்குத்தான் முதலில் புரிந்தது. “புளி வாசன வருதே… டேய் தருண்! வேணாண்டா! தேய்க்காதடா!” என்று ஓடினார். போய்ச் சேருவதற்குள் புளியும் கம்பி நாரும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. தருண் பெருமையோடு வெளியே வந்தான். காசு தகதகவென்று குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தலையில் முடிச் சுருளும் இல்லை, காதும் இல்லை. விளிம்பு முழுக்கக் கீறல். எழுத்து இல்லாமல் பிறந்ததா, யாராவது தேய்த்து அழித்ததா என்று இனி எந்தச் சேகரிப்பாளனும் சொல்ல முடியாது.

கோவிந்தராஜன் வாசற்படியில் உட்கார்ந்து, தன் சொந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி அழுதார். முனியப்பனுக்காக அவர் அன்றைக்கு அழுததாக வீடியோவில் தெரிந்ததே, அதைவிட இது நிஜம்.

“என்னாச்சு அங்கிள்? இப்ப எவ்ளோ வரும்?” என்று கேட்டான் தருண்.

“ஒரு டாலர் சார்,” என்றார் கிளிஃபர்ட். “அதுவும் அமெரிக்கா போய்ச் செலவழிச்சா.”

சங்கமித்ராவுக்கு அந்த வீட்டில் இன்னொரு நொடி நிற்கப் பிடிக்கவில்லை. கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டுக் குழாயில் கழுவ மனம் வரவில்லை.

“வாங்க காந்தா, போலாம்.”

காந்தா எழுந்தாள். தன் சீப்பையும் புடவையையும் எடுத்துப் பையில் வைத்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. மேசைக்கு வந்தாள். சல்லடையை மெதுவாகத் தட்டி ஓரமாக வைத்தாள். அந்தக் கறுத்த ஒரு ரூபாயைத் தேடி எடுத்துக் கலயத்துக்குள் முதலில் போட்டாள். பேப்பரின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, சாம்பலைச் சிந்தாமல் சரித்தாள். மேசையில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையால் வழித்தாள். ஊறுகாய் பாட்டில் மூடிமேல் படிந்திருந்ததைக்கூட விரலால் தொட்டு எடுத்துப் போட்டாள். எத்தனையோ நாள் அந்த உடம்பைத் துடைத்துவிட்ட அதே கை. அந்த அறையில் அத்தனை பேரிலும் முகம் சுளிக்காமல் அவரைத் தொட்டது அவள் ஒருத்திதான். கலயத்தின் வாயில் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட்டு, “போயிட்டு வரேன்யா,” என்றாள், கலயத்தைப் பார்த்து.

கிளிஃபர்ட் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. இப்போது தட்டைக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வெகுகாலத்துக்கு விருந்துக்கே வரட்டும், துக்கம் கேட்க வர வேண்டாம். படுத்தவருக்குக் கஞ்சி ஊட்டுகிற கை உங்கள் வீட்டில் நல்ல கையாக வாய்க்கட்டும். அந்தக் கையை நீங்கள் சந்தேகிக்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களை உயிரோடு இருக்கும்போதே தேடட்டும். உலை கொதித்து, விளக்கு எரிந்து, சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும் வீடாக உங்கள் வீடு இருக்கட்டும், என் செல்லங்களே.